அச்செழுத்தும் மரைச் சன்னமும்

சென்ற புரட்டாதியில் ஒரு மாலை, நுகேகொடை வீட்டின் முன்விறாந்தையில் நுளம்போடு போராடிக்கொண்டிருந்த வேளை கனடாவிலிருந்து என் தங்கையின் மகன் வாட்ஸ்அப்பில் அழைத்தான். அங்கே அப்போது காலை. வழமையான சுகநல விசாரிப்புக்கள் முடிந்தபின், "மாமா, உங்களிட்ட ஒரு விசயம் கேக்கவேணும். 150 கிரேன் எடுக்கிறதோ, 165 எடுக்கிறதோ?" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ மருந்துக் குளிசையின் அளவைக் கேட்கிறானாக்கும் என்று நினைத்தேன். அவன் கேட்டதோ மான் வேட்டைக்கான சன்னத்தின் நிறை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. எங்கள் ஊரில் துப்பாக்கியைத் துவக்கு என்போம். அதிலிருந்து பாய்வது சன்னம். சுட்டபின் எஞ்சும் வெற்று உறை கோது. இச்சொற்களை எங்கள் தலைமுறை வேட்டைக்காரரிடம் கற்றது. அடுத்த தலைமுறை வேறிடத்திற் கற்றது. மருமகன் அந்த அடுத்த தலைமுறை. பதினொரு வயதிற் புறப்பட்டுப் போனவன். இப்போது ரொறன்ரோவுக்கு வடக்கே வேலை. உடன் வேலை செய்யும் கனேடியர் சிலரோடு சேர்ந்து, முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்று, ஒவ்வொரு நவம்பரிலும் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறான். கடையில் விற்கும் தோட்டாக்களில் திருப்தியில்லாமல், வீட்டு நிலவறையில் ஒரு மேசை போட்டு, தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தபோது அந்த மேசையைப் பார்த்திருக்கிறேன். நகைத்தொழிலாளியின் பட்டறைபோல இருந்தது. துடைத்து அடுக்கிய பித்தளைக் கோதுகள், சின்னஞ்சிறிய மின்தராசு, சுவரில் ஒட்டிய அட்டவணை. கோது, அதன் அடியில் பொருத்தும் ஊக்கி, மருந்து, சன்னம் என நான்கே பொருட்கள். மருந்தின் அளவைச் சன்னம் செய்த கம்பனி அச்சிட்ட அட்டவணைக்கு மேல் ஓர் அணுவும் கூட்டமாட்டான். "அதில விளையாடினா முகம் போயிடும் மாமா" என்று சொன்னது ஞாபகம். ஆகவே சுதந்திரமாகத் தெரிவு செய்யக் கூடியது சன்னம் ஒன்றுதான். ஏனைய மூன்றும் அதைப் பின்தொடர்கின்றன.

கிரேன் என்பது பழைய ஆங்கில நிறையளவை, ஒரு தானிய மணியின் நிறையிலிருந்து வந்தது. எங்கள் தட்டார் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்ததுபோல. 150 கிரேன் ஏறத்தாழ 9.7 கிராம், 165 கிரேன் 10.7 கிராம். இடையில் இருப்பது ஒரு கிராம். இந்த ஒரு கிராமுக்காகவா எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு பத்திரிகைக்காரனை அழைத்தாய் என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். "பெரியய்யா ஒரு வேட்டைக்காரன் எண்டு அம்மா சொல்லுறவ. நீங்கள் அவரோட திரிஞ்சனீங்கள்தானே" என்றான் அவன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் பெரியய்யா என்றது என் பெரியப்பாவை. ஒட்டுசுட்டானுக்கும் முத்தையன்கட்டுக்கும் இடையில் அவருக்கு வயலும் காடும் கலந்த ஒரு காணி. அனுமதிப்பத்திரம் பெற்ற ஓர் இடியன் துவக்கு வைத்திருந்தார். வாய் வழியாக மருந்திட்டு, தும்பு வைத்து, கம்பியால் இடித்து, சன்னம் போட்டு, மீண்டும் இடித்து அடைக்கும் பழைய துவக்கு. இடித்து அடைப்பதால் இடியன். ஒரு வெடிக்குப் பிறகு அடுத்த வெடிக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் வேண்டும். ஆகையால் அவர் ஒன்றுக்குமேல் நம்பியிருக்கவில்லை.

சன்னத்தை அவரே வார்ப்பார். முல்லைத்தீவுக் கரையில் வீச்சுவலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கி வந்து, சிரட்டைக் கரியில் இரும்பு அகப்பையைச் சூடாக்கி உருக்கி, குறடுபோன்ற ஓர் அச்சில் ஊற்றுவார். உருகிய ஈயத்தின் மேல் ஒரு நீல மினுக்கம் ஓடும். குளிர்ந்த குண்டை எடுத்து நகத்தாற் கீறிப் பார்ப்பார், கீறல் விழவேண்டும். ஏன் என்று நான் கேட்டதில்லை. அது ஒரு சடங்கு என்று எண்ணியிருந்தேன்.

1973 ஆம் ஆண்டின் பிற்பகுதி. அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. வயது போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இறக்குமதி நெருங்கிப்போய் எதற்கும் தட்டுப்பாடு. வலை ஈயமும் அகப்படவில்லை. நான் அப்போது கொழும்பிலே ஒரு தமிழ்ப் பத்திரிகையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரியப்பா ஒரு தபாலட்டை போட்டிருந்தார். சுகம் விசாரித்து, மழை விபரம் எழுதி, ஈற்றில்: 'தம்பி, அச்சுக்கூடத்தில் கழித்த ஈயம் ஏதும் இருந்தால் ஒரு இறாத்தல் கொண்டுவரவும். மரை வயலுக்குள் இறங்குகிறது.'

எங்கள் அச்சுக்கூடத்தில் தலைப்புக்களைக் கையால் கோப்பார்கள். முனை உடைந்த எழுத்துக்களைப் போட ஒரு மரப்பெட்டி இருந்தது. கால் போன 'ழ', கொம்பு முறிந்த 'கெ', புள்ளி தேய்ந்த மெய்கள். அவை உருக்கப்படுவதற்காகக் காத்திருப்பவை. அச்சுக்கோப்பாளர்களில் மூத்தவர் ஒருவர், யாழ்ப்பாணத்தார், என்னிடத்தில் அன்பானவர், ஒரு பழைய பத்திரிகைத்தாளில் இரண்டு கை நிறைய அள்ளிக் கட்டித் தந்தார். களவு என்று சொல்வதா, அன்பளிப்பு என்று சொல்வதா என்று அன்றும் நான் முடிவு செய்யவில்லை. இரவுத் தபால் ரயிலில் மாங்குளத்தில் இறங்கி, விடிய பஸ் பிடித்து, ஒட்டுசுட்டான் போய்ச் சேர்ந்தேன். மடியில் ஒரு இறாத்தல் தமிழ்.

பெரியப்பா அதை உருக்கினார். எழுத்துக்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து முகமிழந்து போவதைப் பார்த்தேன். வார்த்த குண்டைத் தரையிற் போட்டபோது கணீரென்றது. நகத்தாற் கீறிப் பார்த்தார். கீறல் விழவில்லை. சற்று யோசித்தார். பிறகு, "நல்லா இறுகின ஈயமடா தம்பி. எலும்பையும் உடைச்சுக்கொண்டு போகும்" என்றார்.

அச்சு உலோகம் தனி ஈயமன்று. ஈயம் மிருதுவானது, ஆயிரக்கணக்கான தாள்களை அழுத்தினால் எழுத்து நசிந்துவிடும். ஆகவே அன்ரிமனியும் வெள்ளீயமும் கலப்பார்கள். லைனோரைப் இயந்திரத்தில் வார்க்கும் உலோகத்தில் ஈயம் நூற்றுக்கு 84, அன்ரிமனி 12, வெள்ளீயம் 4 என்பது பொதுக் கணக்கு. கையாற் கோக்கும் எழுத்தில் அன்ரிமனி இன்னும் கூடுதல். அமெரிக்காவிலே சன்னம் வார்ப்பவர்கள், பத்திரிகைகள் ஈய அச்சைக் கைவிட்ட காலத்தில், அச்சுக்கூடங்களின் கழிவு உலோகத்தைத் தேடித்தேடி வாங்கினார்கள் என்பதை மருமகன் சொல்லித்தான் அறிந்தேன். இலக்கைச் சுட அது நல்லது. மானைச் சுட நல்லதன்று.

காரணத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். சன்னம் ஊடுருவுவதால் மட்டும் விலங்கு உடனே சாவதில்லை. நெஞ்சறைக்குள் புகுந்து, முன்முகம் விரிந்து, நுரையீரலையும் இதயத்தையும் கிழித்தால்தான் சில கணங்களில் விழும். மிருதுவான ஈயம் படும்போது தட்டையாகிறது, துளை அகலுகிறது. இறுகிய சன்னம் வடிவம் மாறாமல் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும். யானைக்கு இது நேர்மாறு. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், பின்னாளில் நைல் நதியின் மூலம் தேடிப்போனவர், தம் துவக்குகளையும் குண்டுகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர். அவர் காலத்து யானை வேட்டைக்காரர் மண்டையோட்டைத் துளைப்பதற்காக ஈயத்தோடு வேறு உலோகங்களைக் கலந்து இறுக்கினார்கள். மரையைப் பேக்கர் பெரும்பாலும் சுடவே இல்லை. நாய்களை விட்டுத் துரத்திக் கத்தியாற் குத்தினார். அது வீரமென்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை. அக்காலத்து மேஜர் றொஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். போயர் யுத்தக் கைதியாகத் தியத்தலாவை முகாமுக்கு வந்து, பின்னர் யாலவின் காவலரான எங்கல்பிறெக்ற் கதை இதைவிடச் சுவையானது. அதைப் பிறிதொரு நாள் எழுதுகிறேன்.

அந்த மாரியில் மூன்றாம் இரவோ நான்காம் இரவோ, பரணில் நானும் பெரியப்பாவும் இருந்தோம். மழை விட்டு நிலவு மங்கலாய்த் தெரிந்தது. வயற்கரையில் ஒரு கலை மரை, பெரிய கொம்பு, தலையைத் தாழ்த்தி மேய்ந்து நின்றது. வெடி தீர்ந்தது. மருந்துப் புகை அகன்றபோது மரை இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தோம். நெற்பயிரின் மேல் இரத்தம் இருந்தது, அதிகமில்லை. காட்டின் விளிம்பு வரை சொட்டுச் சொட்டாகப் போயிருந்தது. அப்பால் மழை மீண்டும் பிடித்துக்கொண்டது.

விடிந்தபின் ஊரார் இருவரையும் சேர்த்துக்கொண்டு மத்தியானம் வரை தேடினோம். மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. மறுநாளும் தேடினார் பெரியப்பா. மூன்றாம் நாள் காகங்கள் காட்டிக்கொடுத்தன. வாய்க்கால் ஓரத்தில், முன்னங்கால்கள் தண்ணீருக்குள் இருக்கக் கிடந்தது. பெரியப்பா குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். விலாவின் பின்புறமாகப் புகுந்த துளையும் மறுபக்கம் வெளியேறிய துளையும் ஒரே அளவு. என் சுண்டுவிரல் பருமன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இறந்து ஒரு நாளுக்கு மேல் இராது என்று மட்டும் கூட வந்தவர் சொன்னார். அப்படியானால் ஏறத்தாழ இரண்டு நாட்கள் அது உயிரோடு அங்கே கிடந்திருக்கிறது.

சன்னம்தான் காரணமா? இரவு, மங்கிய நிலவு, அறுபதைத் தாண்டிய கண்கள். வெடி இரண்டு சாண் பின்னே பட்டுவிட்டது. அந்த இடத்தில் எந்தச் சன்னம் பட்டாலும் மரை ஓடித்தான் இருக்கும். ஆனால் விரிந்த சன்னமாக இருந்தால் அவ்வளவு தூரம் போயிராது என்று மருமகன் நினைக்கிறான், நானும் நினைக்கிறேன். பெரியப்பா எஞ்சிய குண்டுகளை அன்று மாலை கிணற்றடி மண்ணில் புதைத்தார். "அச்சு ஈயம் அச்சுக்குத்தான்" என்றார். அதற்குப் பிறகு அவர் வயலிற் சுட்டது பன்றிகளை மட்டும். அந்த இடியனை 1980களில் ஒரு நாள் கேட்டு வந்தவர்கள் கொண்டு போனார்கள்.

இந்தக் கதையை நான் தங்கைக்குக்கூடச் சொன்னதில்லை. மருமகனுக்குச் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை.

பிறகு அவன் தன் பிரச்சினையை விபரமாகச் சொன்னான். அவனுடையது .308 ரகத் துவக்கு. 1952 இல் அமெரிக்க வின்செஸ்ரர் கம்பனி அறிமுகப்படுத்தியது; நேட்டோ படைகளின் 7.62 மில்லிமீற்றர் தோட்டாவின் உடன்பிறப்பு. 1980களில் எங்கள் வீதிகளில் நின்ற படையினரின் எஸ்.எல்.ஆர். துவக்குகள் சுட்டதும் அந்த நேட்டோ தோட்டாவைத்தான். தடிப்பு ஒன்று, சன்னத்தின் ஆக்கம் வேறு. படையினரின் சன்னம் முழுவதும் உலோகக் கவசம் பூண்டது, விரியாதது. கல்கத்தாவின் அருகே, இன்று விமான நிலையம் இருக்கும் டம்டம்மில், பிரித்தானியரின் ஆயுதச்சாலை இருந்தது. அங்கே 1890களில் கவசத்தின் நுனியைத் திறந்துவிட்டு, உடலில் பட்டதும் விரியும் சன்னத்தைச் செய்தார்கள். எல்லைப்புற யுத்தத்தில் பழைய சன்னம் பட்டவர்கள் விழாமல் ஓடி வருகிறார்கள் என்பது முறைப்பாடு. 1899 இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு விரியும் சன்னங்களை யுத்தத்தில் தடை செய்தது. பிரித்தானியா அப்போது ஒப்பவில்லை; 1907 இல்தான் சேர்ந்தது. ஆக, மனிதனைச் சுட விலக்கப்பட்ட சன்னம்தான் மானைச் சுடக் கருணையான சன்னம். ஒன்றைக் காயப்படுத்தினாற் போதும், மற்றதை உடனே கொல்லவேண்டும் என்பது வாதம். மரண விசாரணை அறிக்கைகளில் 'உட்புகு காயம், வெளியேறு காயம்' என்று எத்தனையோ தடவை மொழிபெயர்த்துச் செய்தி எழுதியிருக்கிறேன். ஒரு தடவையேனும் அந்த வாய்க்கால் ஓரம் நினைவுக்கு வராமல் எழுதியதில்லை.

மானுக்கு விரியவேண்டும் என்பது சரி. எவ்வளவு விரியவேண்டும் என்பதிலேதான் கம்பனிகளெல்லாம் பிழைக்கின்றன. ஒன்ராரியோக் காட்டில் நூறு யாருக்குள் வெடி வைக்கிறார்கள். அவ்வளவு கிட்டத்தில் சன்னத்தின் வேகம் இன்னும் குறையவில்லை. மெல்லிய கவசமுடைய இலகுவான சன்னம் தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகாமல் வெளியிலேயே சிதறிவிடும். பெரியப்பாவின் பிழைக்கு நேரெதிரான பிழை இது. ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் 1946 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு பூசிய ஒரு மூஸ் கடாவைச் சுட்டார். சன்னங்கள் மேலேயே வெடித்துச் சிதறின. அந்த ஆத்திரத்தில் நடுவே ஒரு தடுப்புச்சுவர் வைத்த சன்னத்தைக் கண்டுபிடித்தார். முன்பாதி விரியும், பின்பாதி கட்டாக நின்று உள்ளே போகும். 1948 இல் அதையே தொழிலாகத் தொடங்கினார். 165 கிரேன் வேண்டுமென்று மருமகன் நினைத்ததும் இதே பயத்தால்தான். பாரம் கூடிய சன்னம் ஆழமாகப் போகும்.

ஆனால் அவனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், மான் இறைச்சி விருப்பமாக உண்பவர்கள். ஈயச் சன்னம் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இறைச்சிக்குள் காயத்திலிருந்து தள்ளியும் பரவுகின்றன. 2008 இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில், ஏழைகளுக்கு வழங்கவிருந்த மானிறைச்சியில் ஈயத் துகள்கள் காணப்பட்டன. அதே ஆண்டு அங்கே 738 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, வேட்டை இறைச்சி உண்பவர்களிடம் ஈயம் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆபத்தான அளவன்று, என்றாலும் வளரும் பிள்ளைக்கு ஈயத்தில் நல்ல அளவு என்று ஒன்றில்லை. கலிபோர்னியா 2019 யூலை முதல் வேட்டையில் ஈயச் சன்னத்தை முற்றாகத் தடைசெய்தது; ஈயத்தை உண்டு செத்துக்கொண்டிருந்த கொண்டோர்க் கழுகுகளைக் காப்பது முதல் நோக்கம். டென்மார்க் 2024 ஏப்ரலில் துவக்குச் சன்னத்திலும் ஈயத்தை நிறுத்தியது.

மாற்று, முழுச் செம்பு. பார்ண்ஸ் என்ற கம்பனி 1989 இல் ஈயமே இல்லாத செப்புச் சன்னத்தைக் கொண்டுவந்தது. நுனியிலுள்ள குழி விரிந்து நாலு இதழாகப் பிரியும், உடைந்து சிதறாது, நிறை ஏறத்தாழ அப்படியே நிற்கும். குறை இரண்டு. செம்பு ஈயத்தைவிட இலேசானது. ஆகவே அதே நிறைக்குச் சன்னம் நீளும், கோதுக்குள் மருந்துக்கான இடத்தைப் பிடிக்கும். மற்றது, விரிய வேகம் வேண்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஈயத்தில் 165 எடுப்பவன் செம்பில் 150 எடுப்பது. பாரம் குறைந்தாலும் உடையாததால் ஆழமாகவே போகும்.

"அப்ப நீயே முடிவெடுத்திட்டாய். என்னை ஏன் கேட்டனீ?" என்றேன்.

"முடிவெடுக்கேல்ல மாமா. துவக்கும் ஒத்துக்கொள்ளவேணும். ஒவ்வொரு துவக்குக்கும் ஒவ்வொரு வாய் ருசி. அதோட, எதைப் போட்டாலும் பிழையான இடத்தில பட்டாப் பிழைதான்."

இதைப் பெரியப்பா கேட்டிருக்க வேண்டும்.

வேட்டையை ஆதரித்து நான் இதை எழுதவில்லை. இலங்கையில் இன்று மானையும் மரையையும் சுடுவது குற்றம். அப்படியிருந்தும் கட்டுத்துவக்கும் சுருக்கும் ஒழியவில்லை. உணவுக்குள் மறைத்து வைக்கும் 'ஹக்க பட்டாஸ்' வெடியால் வாய் சிதைந்து நாட்கணக்காகப் பட்டினி கிடந்து சாகும் யானைக்குட்டிகளின் படங்களைப் பத்திரிகையில் பார்க்கிறோம். யாரோ பன்றிக்கு வைத்தது. திருகோணமலைப் பட்டினத்தில் புள்ளிமான்கள் வீதியில் படுத்துறங்கிப் பொலித்தீன் பையைத் தின்கின்றன. அவற்றைச் சுடாமலே கொல்கிறோம். சன்னம் தெரிவு செய்வதற்காக இரவு நித்திரை கொள்ளாத ஒருவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் நடுப்பகுதியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பனி, நெடிய மரங்கள், ஒரு வெற்று வெளி. மான் எங்கே என்று கேட்டேன். வந்தது, எண்பது யார் தூரத்தில் நின்றது, ஆனால் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு சரிந்து நின்றது, திரும்பும் என்று பார்த்திருந்தேன், திரும்பாமலே போய்விட்டது என்றான். அந்த ஆண்டு வேறு மான் வரவில்லை. செம்புச் சன்னம் பொருத்திய இருபது தோட்டாக்களும் பெட்டியில் அப்படியே இருக்கின்றனவாம்.

"மாமா, அந்த மரையின்ர கொம்பு என்ன ஆச்சுது?" என்று கடைசியாகக் கேட்டான்.

எடுக்கவில்லை என்று சொன்னேன்.